செவலையைப் பார்க்க விடுங்கள்

போன ஆவணியில் எங்கள் செவலைக்கு உண்ணிக்காய்ச்சல் வந்தது. ஏழு வயது நாட்டு நாய். இரண்டு நாளாகச் சோற்றுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்தத் தட்டணுக்கள் 20 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தன. உடனே சேர்த்துக்கொண்டார்கள். கொடுத்த வைத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கிளம்பும்போது, “நாளைக்கு எத்தனை மணிக்கு வந்து பார்க்கலாம்?” என்று கேட்டேன்.

“பார்க்க விடறதில்லைம்மா. உங்களைப் பார்த்தா அழும். நீங்க போனதும் இன்னும் அழும். நாங்களே போன் பண்றோம்” என்றார் கவுன்டரில் இருந்த பெண்.

நான் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பதிலை நர்சிங் படிக்கும்போதே பாடமாகக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் இங்கிலாந்து மருத்துவமனைகளில், நோயில் கிடக்கும் குழந்தையைப் பெற்றவர்களே நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. இதே காரணத்தைத்தான் அங்கேயும் சொன்னார்கள்: வந்தால் அழும். 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பெண்குழந்தையைப் படம் பிடித்துக் காட்டினார். அழுகையை நிறுத்திய குழந்தை தேறிவிட்டதாக வார்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அம்மா வரமாட்டாள் என்று அது நம்பிக்கையை விட்டுவிட்டது அவர்கள் கண்ணில் படுவதில்லை என்றார் அவர். 1959இல் அந்நாட்டின் பிளாட் குழு, பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று தாயை வெளியே நிறுத்தும் குழந்தைகள் வார்டை நாம் ஏற்போமா?

நாயும் குழந்தையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘மூணு நாள் பொறுத்துக்கோ, வந்து கூட்டிட்டுப் போறோம்’ என்று இரண்டுக்குமே சொல்லிப் புரியவைக்க முடியாது. நாம் வந்து நின்றால்தான் அதற்குத் தெரியும்.

மறுநாள் மாலை போன் வந்தது. ட்ரிப்ஸ் ஏறியும் யூரின் சரியாகப் போகவில்லை, கிட்னிக்கு மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்குச் சட்டென்று உறைத்தது. குட்டியாக வந்து பழகிய நாளிலிருந்து செவலை கூரைக்குக் கீழே ஒருநாளும் சிறுநீர் கழித்ததில்லை. விடாமல் மழை கொட்டினாலும் அடக்கிக்கொண்டு வாசற்படியில் நிற்கும். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

நேரில் போய்ச் சொன்னேன். பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் ஒரு நிமிடம் யோசித்தார். “சரி வாங்கம்மா, நீங்க மட்டும்” என்று உள்ளே கூட்டிப்போனார். வரிசையாகக் கூண்டுகள். மூன்றாவதில் செவலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. எஃகுத் தட்டில் வைத்த சோறு வைத்தபடியே காய்ந்து கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காது அசைந்தது. தலையைத் திருப்பி என் செருப்பை மோந்தது, பிறகு கையை. அப்புறம் முன்காலில் வென்ஃப்ளான் ஊசியோடு தள்ளாடி எழுந்து நின்றது. உதவியாளர் தம்பி ட்ரிப்ஸ் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மூவருமாகப் பின்பக்கம் வேப்பமரத்தடிக்கு நடத்திப்போனோம். அங்கே கொஞ்சம் புல் இருந்தது. “போடீ, போயிட்டு வா” என்றேன். தினமும் நான் சொல்லும் சொல். ஒரு நிமிடத்துக்கு மேல் போயிற்று. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே வந்ததும், அவரிடம் கேட்டுவிட்டு, கொண்டுபோயிருந்த தயிர்சோற்றை விரலால் மசித்து நீட்டினேன். நாலு வாய் தின்றது.

இதை நான் பாசத்தின் பெருமையாகச் சொல்லவில்லை. ‘இந்த மாத்திரை கொடுத்தா இவருக்கு உடம்பெல்லாம் தடிச்சுரும் சிஸ்டர்’ என்று கேஸ் ஷீட்டில் இல்லாததை நோயாளியின் மனைவி சொல்லி, நாங்கள் மருந்தை மாற்றிய நாட்கள் உண்டு. கூட இருப்பவரின் வாய்ச்சொல்லும் வைத்தியத்தில் சேர்த்தி. வாயில்லாத ஜீவனுக்கு அது இன்னும் எத்தனை மடங்கு வேண்டும்! பூனையை எடுத்துக்கொள்ளுங்கள். இடம் மாறிய பயத்தில் சாப்பிடாமல் சில நாள் கிடந்தாலே, ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடலாம். வீட்டு வாசனையுள்ள ஒரு பழைய துணியைக் கூண்டில் போட்டாலே பயம் கொஞ்சம் தணியும்.

மருத்துவமனைகளின் சங்கடமும் எனக்குத் தெரியும். ஒரே நாயைப் பார்க்க ஆறு பேர் வருகிறார்கள். கூண்டுக்கு முன் நின்று அழுகிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள், பக்கத்துக் கூண்டில் கை விடுகிறார்கள். 1978 வாக்கில் உலகமெங்கும் நாய்களிடையே பரவிய பார்வோ கிருமி, தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. ஒருவர் செருப்பிலேயே அடுத்த வீட்டுக் குட்டிக்குப் போய்விடும். அந்த மாதிரித் தொற்று வார்டுக்குள் யாரையும் விடாமல் இருப்பதுதான் சரி. ஆனால் அதற்காக மற்ற எல்லா வார்டையும் பூட்ட வேண்டியதில்லை.

செய்யக்கூடியது சிறிய காரியம்தான். காலையும் மாலையும் கால் மணி நேரம், வீட்டிலிருந்து ஒரே ஒருவர், கை கழுவிவிட்டு. சேர்க்கும்போதே ஒரு தாளில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன தின்னும், எந்தச் சொல்லுக்குக் கேட்கும், எங்கே கழிக்கும், எதற்குப் பயப்படும். தொற்று வார்டில் இருந்தால், சொன்ன நேரத்தில் போனில் முகத்தைக் காட்டுங்கள். பிழைக்காது என்று தெரிந்தால் நடுராத்திரியானாலும் கூப்பிடுங்கள். வளர்த்தவர் கை மேலே இருக்கும்போது அது போகட்டும்.

ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்ததன் தொடர்ச்சியாக வந்த 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதன் நலனைக் காக்கும் கடமை உண்டு என்கிறது. கூண்டில் இருக்கும் நாட்களில் அந்தப் பொறுப்பு மருத்துவமனையுடையதும்தானே.

வளர்ப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ‘அந்தக் கோலத்தில் பார்க்க மனசு தாங்காது’ என்று பணத்தைக் கட்டிவிட்டு வீட்டில் இருப்பவர்கள் நிறைய. நமக்குத் தாங்காதது அதற்குத் தெரியாது. வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். போங்கள். சத்தம் போடாமல் பக்கத்தில் உட்காருங்கள். நேரமானதும் அழுது விடைபெறாமல், தடவிக்கொடுத்துவிட்டு எழுந்து வாருங்கள்.

செவலை ஐந்தாம் நாள் வீடு திரும்பியது. இப்போது வாசலில் வெயில் காய்கிறது. பிழைத்தது மருந்தால், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் அது அடக்கிக்கொண்டு கிடந்ததற்கு உண்ணி காரணமில்லை. யாராவது கால் மணி நேரம் கதவைத் திறந்துவிட்டிருந்தால் போதும்.