பூக்காட்சியா, செல்ஃபி காட்சியா?

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல ஒரே சண்டை. ஆரம்பிச்சு வச்சவர் நம்ம டேமேஜர் (மேனேஜர்னு படிச்சுக்கோங்க). "வருஷத்துக்கு ரெண்டு தடவை லால்பாக் பக்கம் வண்டி ஓட்ட முடியல. அந்தப் பூக்காட்சியை நிறுத்தித் தொலைச்சா என்ன?"ன்னு கேட்டார். அப்ரைசல் நேரம்கறதால அங்க முழுசா பேசல. மிச்சத்தை இங்க கொட்டறேன்.

பெங்களூர்ல ஆணி புடுங்கற தமிழர்களுக்கு லால்பாக்கைப் பத்திச் சொல்லத் தேவையில்லை. ஹைதர் அலி 1760-ல ஆரம்பிச்ச தோட்டம். இன்னைக்கு 240 ஏக்கர். நடுவுல இருக்கற கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டினது 1889-ல. அப்போ தோட்டத்துக்குப் பொறுப்பா இருந்தவர் ஜான் கேமரூன். நாம 'பெங்களூர் கத்திரிக்காய்'னு வாங்கறோமே சௌசௌ, அதை இங்க அறிமுகப்படுத்தினவரும் அவர்தான். அந்த மாளிகையைக் கட்டினதே தோட்டக்கலைக் கண்காட்சி நடத்தத்தான். அதாவது கட்டடத்துக்காக காட்சி வரல, காட்சிக்காகக் கட்டடம் வந்துச்சு. இதை நிறுத்தணுமாம்!

சரி, நிறுத்தச் சொல்றவங்களை விடுங்க. என் கோபம் அவங்க மேல இல்லை. வருஷா வருஷம் போயிட்டு "சூப்பர் மச்சி"ன்னு ஸ்டேட்டஸ் போடற நம்ம மேலதான்.

ஜனவரியில குடியரசு தினத்துக்கு ஒண்ணு, ஆகஸ்ட்ல சுதந்திர தினத்துக்கு ஒண்ணு. கொரோனாவுல நின்னுபோய் 2022 ஆகஸ்ட்ல திரும்ப வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு கரு. 2023 ஆகஸ்ட்ல கெங்கல் ஹனுமந்தையாவும் விதான சௌதாவும், 2024 ஜனவரியில பசவண்ணர், ஆகஸ்ட்ல அம்பேத்கர், 2025 ஜனவரியில வால்மீகி. எல்லாரும் வணங்க வேண்டிய பெரியவங்க, சந்தேகமே இல்லை. ஆனா அங்க நடக்கறது என்ன? இரும்புச் சட்டம் கட்டி, தண்ணி உறிஞ்சற ஸ்பாஞ்சை அடுக்கி, அதுல லட்சக்கணக்குல வெட்டின பூவைக் குத்தி வைக்கறாங்க. சில நாள்ல வாடினதும் பிடுங்கிப் போட்டுட்டு புதுசு குத்தறாங்க. வெட்டின பூவுக்கு இங்க பஞ்சமே இல்லை. ஓசூர், தொட்டபல்லாபுரம்னு சுத்தியும் பாலிஹவுஸ், ஹெப்பாள்ல ஏல மையம். காசு இருந்தா எத்தனை லட்சம் ரோஜா வேணும்னாலும் வரும்.

காசு குடுத்தாலும் உடனே வராதது தொட்டிச் செடி. ஆகஸ்ட் 15-க்குப் பூக்கணும்னா மே மாசமே நர்சரியில வேலையைத் தொடங்கணும். நடுவுல பருவமழை வந்து வேரை அழுகடிக்கும், இதழைப் புள்ளி போட வைக்கும். பத்து நாள் முன்னாடி பூத்தாலும் வேஸ்ட், பின்னாடி பூத்தாலும் வேஸ்ட். நாம ரிலீஸ் தேதியை ரெண்டு வாரம் தள்ளிப் போட்டுட்டு பீட்சா சாப்பிடுவோம். சுதந்திர தினத்தை எவனாவது தள்ளிப் போட முடியுமா? அந்த டெட்லைனை வருஷத்துக்கு ரெண்டு தடவை பிடிக்கற தோட்டக்காரரை நாம திரும்பிக்கூடப் பாக்கறதில்லை. பூவால செஞ்ச கட்டடத்துக்கு முன்னாடி முதுகைக் காட்டி நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்துடறோம்.

எனக்கு இது உறைச்சது பக்கத்து வீட்டு ஆன்ட்டியால. பெங்களூர்லயே பிறந்து வளர்ந்த தமிழ் ஆன்ட்டி. அவங்க வீட்டு டேலியாவுக்கு ஒரு காலத்துல வீட்டுத் தோட்டப் போட்டியில பரிசு கிடைச்சிருக்கு. நடுவர்கள் வீட்டுக்கே வந்து தோட்டத்தைப் பாத்து மார்க் போடுவாங்களாம். இப்போ அந்தத் தோட்டம் இருந்த இடத்துல நாலு மாடி பி.ஜி. போன தடவை நான் பூக்காட்சிக்குப் போயிட்டு வந்து பந்தாவா போட்டோ காட்டினேன். எல்லாத்தையும் பொறுமையா பாத்துட்டு, "சரிப்பா, புதுசா எத்தனை செடி பேரு தெரிஞ்சுக்கிட்டே?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

பூஜ்ஜியம். மூணு மணி நேரம் சுத்தியும் பூஜ்ஜியம். பல்பு வாங்கினேன்.

என் வாதம் இதுதான். இந்தக் காட்சிக்கு ஆபத்து டிராஃபிக்கால இல்லை, மழையால இல்லை. கூட்டத்துக்கும் குறைச்சல் இல்லை. குறைஞ்சு போனது செடி வளர்க்கறவங்க. பங்களாவும் வாசல் தோட்டமும் இருந்த ஊர்ல 'எங்க வீட்டுப் பூவைப் பாரு'ன்னு காட்டறதுக்கு ஒரு கூட்டம் இருந்துச்சு. இப்போ எல்லாரும் அடுக்குமாடி. நான் பால்கனியில நாலு தொட்டி வச்சதுக்கே, தண்ணி கசியுதுன்னு வீட்டு ஓனர் எடுக்கச் சொல்லிட்டார். செடி வளர்க்கறவன் இல்லாத ஊர்ல பூக்காட்சி நடத்தினா அது பொருட்காட்சியாத்தான் மாறும்.

"பிரம்மாண்டமா எதுவும் இல்லேன்னா கூட்டம் வராது, டிக்கெட் காசு வராது, அப்புறம் எப்படி நடத்தறது?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அந்த உருவங்களை எடுக்கச் சொல்லல. அதுல கொட்டற கவனத்துல கால்வாசியை இந்தப் பக்கம் திருப்பச் சொல்றேன். பால்கனித் தோட்டத்துக்கும் மொட்டைமாடித் தோட்டத்துக்கும் கண்ணாடி மாளிகைக்குள்ளயே ஒரு பக்கம் ஒதுக்குங்க. ஒவ்வொரு செடிக்கும் தூரத்துலேர்ந்தே படிக்கற மாதிரி கன்னடத்துல பேர்ப்பலகை வைங்க. வளர்த்த தோட்டக்காரரைப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்கார வைங்க, நாலு பேர் சந்தேகம் கேக்கட்டும். இதுக்கு லட்சம் ரோஜா தேவையில்லை.

நம்ம பங்குக்கு? அடுத்த தடவை போனா செல்ஃபிக்கு முன்னாடி அஞ்சு செடியோட பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்குவோம். வெளிய வரும்போது பாப்கார்னுக்குப் பதிலா ஒரு நாத்து வாங்கிட்டு வருவோம்.

நான் ஒரு டேலியாக் கிழங்கு வாங்கி, ஆன்ட்டி வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு தொட்டியில வச்சிருக்கேன். இன்னும் முளை விடல. தினமும் ரெண்டு பேரும் எட்டிப் பாக்கறோம்.

டிஸ்கி: டேமேஜர் இதைப் படிச்சா, சார், அந்தக் கேன்டீன் சண்டையில நீங்க சொன்னதுதான் சரி. ஹி ஹி.