கடாரத்தை நடந்து காணல்

நகர் காண்பதையும் நெடுந்தொலைவு நடப்பதையும் இணைக்கும் நடைச்சுற்றுலாவுக்குச் சுங்கை பட்டாணி நகரின் பாக்கார் ஆராங் பகுதி மிகத் தகுந்த தொடக்கம். ஏனெனில் சுங்கை பட்டாணியின் மணிக்கூண்டையும் பழைய கடைவீதியையும் கண்டபின், பீடோங், செமிலிங் வழியாகப் பால்மரக் காடுகளையும் செம்பனைத் தோட்டங்களையும் ஒட்டி நடப்பவர், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில், தமிழர் கடாரம் என்றழைத்த நாட்டின் தொல்லெச்சங்கள் செறிந்த பூஜாங் பள்ளத்தாக்கை அடைகிறார். அங்கே மெர்போக்கில், சண்டி எனப்படும் பழங்கோயில் இடிபாடுகளுள் சிறந்ததான புக்கிட் பத்து பகாட் கோயிலின் கருங்கல் அடித்தளத்தை, ஓடையின் ஓசையோடு நின்று காணலாம். ஆயினும் இதே பள்ளத்தாக்கில், தனியார் நிலத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி 2013இல் வீட்டுமனைத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டது என்பது ஆறாத வேதனை. பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் காரில் திரும்புவோரின் கண்ணில் படாத இத்தகைய இடங்களைக் காக்க, நிழல்மரங்களும் வழிகாட்டிப் பலகைகளும் கொண்ட நடைபாதை ஒன்றை அரசு இவ்வழியெங்கும் அமைத்தே ஆக வேண்டும்.