ரயர் வெடித்தால் குற்றவாளி நீங்கள்தான்!

வட அமெரிக்காவில் ஒரு கம்பிங் ட்ரெயிலரின் ரயர் வெடித்தால் காரணம் என்னவென்று யாரும் விசாரிப்பதில்லை. தீர்ப்பு முன்னமே எழுதி வைத்தாயிற்று. காற்றுக் குறைவாக விட்டிருப்பீர்கள். பாரம் கூட ஏற்றியிருப்பீர்கள். வேகமாக ஓடியிருப்பீர்கள். மாதக்கணக்காக வெயிலில் விட்டிருப்பீர்கள். இவற்றில் ஒன்றையும் நீங்கள் செய்யவில்லையா? அப்படியென்றால் தெருவில் கிடந்த ஏதோ ஒன்றில் ஏற்றியிருப்பீர்கள். ட்ரெயிலர் செய்தவன் நல்லவன், ரயர் செய்தவன் நல்லவன், விற்றவன் நல்லவன். காசு கொடுத்து வாங்கிய நீங்கள் மட்டும்தான் குற்றவாளி!

இந்தத் தீர்ப்பு அநியாயமானது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

'அகதியாய் வந்தவனுக்கு ட்ரெயிலர் ஒரு கேடா' என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். பேஸ்மென்ற் அறையில் ஏழு பேர் பாய் விரித்துப் படுத்த காலம் போய், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாய் அல்கொன்குயினுக்கும் சாண்ட்பாங்க்ஸுக்கும் கட்டில், குசினி, கக்கூஸ் எல்லாவற்றையும் பிக்கப்புக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு போகிற காலம் வந்துவிட்டது. கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது இந்த ஆசை எல்லோருக்கும் பிடித்தது. 2021இல் மட்டும் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 இலட்சம் ஆர்.வி.கள் வெளியே போயின. அந்தத் தொழில் அதுவரை காணாத தொகை அது. அதிலே மிகப் பெரும்பங்கு இழுத்துக்கொண்டு போகிற ட்ரெயிலர்கள். எங்கட சனமும் வாங்கினார்கள். இப்போது அதே ட்ரெயிலர்கள் இரண்டாம் கைக்கு மலிவாய் வருகின்றன, அவற்றையும் எங்கட சனம் வாங்குகிறார்கள். அதனால்தான் இது எங்கட கதையும்.

நான் 18 வருடம் லொறி ஓடினவன். ஒவ்வொரு நாளும் வெளிக்கிட முதல் வாகனத்தைச் சுற்றி நடந்து, சில்லுகளைத் தட்டிப் பார்த்து, தாளில் எழுதி வைத்து வாழ்ந்தவன். 2015இல் நான் வாங்கிய புது ட்ரெயிலரையும் அப்படித்தான் பார்த்தேன். 2018 ஆடி மாதம், 401இல் பெல்வில் பக்கம், 100 கிலோமீற்றர் வேகத்தில் வலப்பக்க முன் ரயர் வெடித்தது. காலையில் குளிர்ந்த நிலையில் காற்று 50. முதல் நாள் லொறிகள் நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்த சீட்டு என் பொக்கற்றுக்குள் இருந்தது. நிறை எல்லைக்குள். ரயரின் வயது மூன்று கோடை.

வெடித்த ரயர் சும்மா வெடித்துவிட்டு நிற்பதில்லை. கழன்ற மேற்பட்டை இரும்புச் சவுக்கு மாதிரிச் சுழன்று அடிக்கும். தரைப்பலகையைக் கிழித்து, வயர்களை அறுத்து, சமையல் வாயுக் குழாயை வளைத்துவிட்டது. வாயுக் குழாய்! உள்ளே ஆட்கள் இல்லை, பற்றவும் இல்லை. திருத்தக் கூலி 3200 டொலர். டீலர் சொன்னார், "ரயருக்கு எங்கட உத்தரவாதம் இல்லை, ரயர்க் கம்பனியைக் கேளுங்கோ." ரயர்க் கம்பனி தேய்மானத்தைக் கழித்து ஒரு சிறு தொகை தரலாம் என்றது, ஆனால் ட்ரெயிலருக்கு ஏற்பட்ட சேதம் தன் பொறுப்பில்லை என்றது. இரண்டு பேரும் கேட்ட முதற் கேள்வி ஒன்றுதான்: "காற்று எவ்வளவு விட்டனீங்கள்?"

சரி, இனி நான் கேட்கிறேன்.

முதலாவது சட்டம். 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்ரோன் ரயர்கள் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பிரிந்து பிரிந்து 270க்கு மேற்பட்டவர்கள் இறந்த விவகாரம் பலருக்கு ஞாபகமிருக்கும். அதன் பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் அதே வருடம் சட்டம் இயற்றியது, 2003இல் 139ஆம் இலக்கப் புது ரயர் விதி வந்தது. காருக்கும் சிறு டிரக்குக்கும் போடும் ரயர்கள் கூடிய வேகத்திலும், நீண்ட ஓட்டத்திலும், காற்றுக் குறைந்த நிலையிலும் சோதிக்கப்பட வேண்டும் என்றது அந்த விதி. நல்ல விதி. ஆனால் அதே விதிக்குள் ஒரு வரி: ட்ரெயிலருக்கென்று செய்யப்படும் 'எஸ்.ரி.' ரயர்களுக்கு இது பொருந்தாது. அவை 1970களில் பிறந்த 119ஆம் இலக்கப் பழைய விதியின் கீழேயே விடப்பட்டன. கனடாவின் ரயர் விதிகளும் இதே 119, 139 வழியில் போகிறவைதான்.

அந்தப் பழைய விதியில் காற்றுக் குறைந்த நிலையில் ரயரை ஓட்டிப் பார்க்கும் சோதனை கிடையாது. 'காற்றுக் குறைவாக விட்டாய்' என்று எங்களைக் குற்றம் சாட்டுகிறவர்களின் ரயர், காற்றுக் குறைந்தால் என்ன ஆகும் என்று சட்டப்படி சோதிக்கப்படவே தேவையில்லாத ரயர்! இதைவிட வசதியான ஏற்பாடு உலகத்தில் உண்டா?

காருக்கு அமெரிக்காவில் 2008 மொடலிலிருந்து காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் விளக்குக் கட்டாயம். காரில் ஒரு சில்லில் காற்றுப் போனால் ஸ்ரியரிங்கிலேயே தெரியும், விளக்கும் எரியும். ட்ரெயிலரில் ஓட்டுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது, விளக்கும் கட்டாயமில்லை. பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்துச் சொன்னால்தான் தெரியும்.

இரண்டாவது கணக்கு. என்னுடைய ட்ரெயிலரில் இரண்டு அச்சுகள், ஒவ்வொன்றும் 3500 இறாத்தல் தாங்கும். ரயர் 205/75, 14 அங்குல றிம், 'சி' வகை. ஒரு ரயர் 50 பி.எஸ்.ஐ. காற்றில் ஆகக் கூடியது 1760 இறாத்தல் தாங்கும். இரண்டு ரயர் 3520. அதாவது அச்சின் எல்லைக்கும் ரயர்களின் எல்லைக்கும் இடையில் மிச்சம் 20 இறாத்தல். தமிழ்க் கடையில் வாங்குகிற ஒரு அரிசிப் பை!

இது சட்டவிரோதம் இல்லை. அச்சின் எல்லைக்குச் சமமாய் ரயர்கள் தாங்கினால் போதும் என்பதுதான் சட்டம். அதுவும் இரண்டு பக்கமும் பாரம் சமமாய் இருந்தால்தான் இந்தக் கணக்குச் சரி. குளிர்சாதனப்பெட்டி, அடுப்பு, அலுமாரி எல்லாம் ஒரு பக்கத்தில் இருக்கிற ட்ரெயிலரில் எப்படிச் சமமாய் இருக்கும்? அத்தோடு இரண்டு அச்சு ட்ரெயிலர் ஒடுக்கமான இடத்தில் திரும்பும்போது சில்லுகள் உருளுவதில்லை, பக்கவாட்டில் இழுபடுகின்றன. எரிபொருள் நிலையத்தில் ஒருக்கால் திரும்பிப் பாருங்கள், ரயர் நெளிகிறது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு திருப்பமும் உள்ளுக்குள் இருக்கும் இரும்புப் பட்டிகளைப் பிரிக்கப் பார்க்கிறது. இப்படிப்பட்ட வேலைக்கு ஒரு அரிசிப் பை அளவு மிச்சம் விட்டால் என்ன நடக்கும்?

இந்தத் தொழிலின் சங்கத்துக்கே இது விளங்கியது. 2017 செப்ரெம்பருக்குப் பிறகு செய்யப்படும் ட்ரெயிலர்களில் ரயர்கள் அச்சின் எல்லையைவிட 10 வீதம் கூடத் தாங்க வேண்டும் என்று தன் அங்கத்தவர்களுக்கு விதித்தது. வரவேற்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ரயர்கள் வெடித்ததெல்லாம் எங்கட பிழை என்றால், எதற்காக இந்த 10 வீதம்? எங்கட குணம் 2017இல் மாறிவிடவில்லையே! அதோடு அது ஒரு சங்கத்தின் விதி, நாட்டின் சட்டம் இல்லை. அதற்கு முதல் செய்த ட்ரெயிலர்கள் எல்லாம் அதே அரிசிப் பைக் கணக்கோடு இன்றைக்கும் தெருவில் ஓடுகின்றன.

மூன்றாவது, 'சீனா ரயர்' என்கிற சமாதானம். ட்ரெயிலர்க்காரர்கள் இந்த ரயர்களுக்குச் 'சீனக் குண்டு' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். எங்கட ஆட்களும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்த விலைக்கு எந்தத் தரம் வேண்டுமோ அதைத்தான் சீனத் தொழிற்சாலை செய்து கொடுக்கிறது. ஓடர் கொடுக்கிறவர் இருக்கிறது இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட்டில். வட அமெரிக்க ஆர்.வி.களில் பெரும்பங்கு பிறக்கிற ஊர் அது. பல்லாயிரம் டொலர் பெறுமதியான ட்ரெயிலருக்கு அடியில் ஒரு சில்லுக்குச் சில டொலர் மிச்சம் பிடிக்கிறவர் சீனாக்காரர் இல்லை.

ரயருக்கு நாடு இல்லை என்பதற்கு, இழுவை ட்ரெயிலரை விட்டு அதன் பெரியண்ணனான மோட்டார் வீட்டைப் பார்க்கலாம். குட்இயர் என்ற அமெரிக்கக் கம்பனியின் ஜி159 ரயர் 1996இலிருந்து 2003 மட்டும் செய்யப்பட்டது. நகரத்துக்குள் பொருள் விநியோகிக்கும் டிரக்குகளுக்கென்று வந்த ரயரை நெடுஞ்சாலையில் ஓடும் மோட்டார் வீடுகளுக்கும் போட்டார்கள். வழக்குகள் வந்தன. ஒரு வழக்கில் பரிசோதனை முடிவுகளைக் கம்பனி மறைத்தது என்று கீழ் நீதிமன்றம் கண்டு தண்டம் விதித்தது, தண்டத்தின் அளவைப் பற்றிய வாதம் 2017இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1998இலிருந்து 2015 மட்டும் அந்த ரயர்களால் 8 பேர் இறந்தார்கள், 69 பேர் காயப்பட்டார்கள் என்பது அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கு. கம்பனி ரயர்களைத் திருப்பி அழைத்தது 2022இல்! கடைசி ரயர் செய்து 19 வருடத்துக்குப் பிறகு. அப்போதும் ரயரில் பிழையில்லை என்றுதான் கம்பனி சொன்னது. பல வழக்குகள் வெளியே கதைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு முடிக்கப்பட்டதால், அடுத்த குடும்பத்துக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

இப்போது மறுபக்கத்தையும் பார்ப்போம். சொந்தக்காரரில் பிழையே இல்லையா? இருக்கிறது. காற்றுப் பார்க்காமல் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான பழைய எஸ்.ரி. ரயர்கள் மணிக்கு 65 மைலுக்கு, அதாவது 105 கிலோமீற்றருக்குத்தான் செய்யப்பட்டவை என்பது தெரியாமல் 120இல் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் மனிதர்கள் கவனம் பிசகுவார்கள் என்று தெரிந்துதானே காருக்கு விளக்கு வைத்தார்கள், சோதனையைக் கடுமையாக்கினார்கள்? காரில் போகும்போது மனிதனாயிருக்கிறவன் ட்ரெயிலரைக் கொழுவியவுடன் கடவுளாகிவிட வேண்டுமா?

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ரயர் வெடித்துப் பிளந்தால், பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டி உள்ளுக்கு வைத்து ஓடினோம். வைத்துத் தந்த சைக்கிள் கடை அண்ணை காசை வாங்கும்போதே சொல்லுவார், "தம்பி, இது ஒரு மாசந்தான் தாங்கும், பின்னால ஆளை ஏத்தாதை." ஒன்றுமே இல்லாத ஊரில், குண்டுச் சத்தத்துக்கு நடுவில், ஒரு ஏழைக் கடைக்காரருக்கு இருந்த நேர்மை அது. எல்லாம் கொட்டிக் கிடக்கிற இந்த நாட்டில் சோபாவின் நிறத்தையும் தொலைக்காட்சியின் அளவையும் ஒரு மணித்தியாலம் விளக்குகிற விற்பனையாளர், ரயரைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நாங்களும் கேட்பதில்லை என்பதுதான் அவர்களின் பலம். ஆகவே கேளுங்கள். முக்கியமாக இரண்டாம் கை ட்ரெயிலர் வாங்குகிறவர்கள், 'பள்ளம் தேயவில்லை, புதுசு மாதிரி இருக்கு' என்ற பேச்சுக்கு ஏமாறாதீர்கள். ட்ரெயிலர் ரயர் தேய்ந்து சாவதில்லை, வயதில் சாகிறது. பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் இலக்கத்தின் கடைசி நான்கைப் பாருங்கள். 2321 என்றால் 2021இன் 23ஆவது கிழமை. வெளிப்பக்கத்தில் இல்லையென்றால் அடியில் படுத்து உட்பக்கத்தைப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது பரவலான அறிவுரை. 2021இல் வந்த ட்ரெயிலரில் முதல் ரயரே இன்னும் இருந்தால் நான்கு புது ரயர்களின் விலையை அங்கேயே கழிக்கச் சொல்லுங்கள்.

மாற்றும்போது அதே வகையை வாங்காமல் ஒரு படி கூடத் தாங்குவதை வாங்குங்கள். என்னுடையதற்கு 'சி'யை விட்டு 65 பி.எஸ்.ஐ.யில் 2040 இறாத்தல் தாங்கும் 'டி' போட்டேன். அந்தக் காற்றை றிம்மும் வால்வும் தாங்குமா என்று முதலில் கேளுங்கள். சில்லு பூட்டிய பின் முதல் 50 மைலுக்குள் நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். காற்றழுத்தம் காட்டும் கருவியையும் பூட்டுங்கள்.

ஆனால் இவையெல்லாம் நாங்கள் எங்கட காசில் செய்துகொள்ளும் தற்காப்பு. அது நியாயம் ஆகிவிடாது. எஸ்.ரி. ரயர்களையும் 139ஆம் இலக்க விதிக்குள் கொண்டுவர வேண்டும். அந்த 10 வீதம் சங்கத்தின் விதியாக இல்லாமல் சட்டமாக வேண்டும், அதுவும் 10 போதாது. ட்ரெயிலருக்கும் அழுத்த எச்சரிக்கை கட்டாயமாக வேண்டும். ரயர் வெடித்து ட்ரெயிலர் கிழிந்தால், ரயரைத் தேர்ந்து பூட்டிய கம்பனி உத்தரவாதத்துக்குள் அதைத் திருத்த வேண்டும். மாகாண, மத்திய அரசுப் பிரதிநிதிகள் தைப்பொங்கலுக்கு வேட்டி கட்டி வந்து வணக்கம் சொல்லுகிறார்களே, அவர்களிடம் மாலை போடும்போது இதையும் ஒருக்கால் கேளுங்கள். அவர்களின் பதில் எப்படியும் போகட்டும், 'காற்று எவ்வளவு விட்டனீங்கள்' என்று மட்டும் அவர்களாலும் கேட்க முடியாது.