தெரிந்த சொல்லில் தெரியாத பொருள்

பழைய ஆங்கில நாவலை மூலத்தில் படிப்பதென்றால் நம்மில் பலருக்குக் கசப்பு மருந்து குடிப்பது போல இருக்கிறது. சுருக்கப் பதிப்பு இருக்கும்போது முழு நூலோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்கிறோம். சுருக்கம் கதையைத் தரும். ஆனால் அக்காலத்து மனிதரைத் தராது என்பது என் கருத்து.

பழைய நடையின் கடினம் எங்கே இருக்கிறது? தெரியாத சொல்லில் அன்று. அதற்கு அகராதி உண்டு. தெரிந்ததாக நாம் நினைக்கும் சொல்லில்தான் இருக்கிறது.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-ல் வெளிவந்தது. அதில் எலிசபெத் தன் அக்காள் ஜேனைக் 'கேண்டிட்' என்று பாராட்டுகிறாள். மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்வது என்பது இச்சொல்லின் இன்றைய பொருள். அங்கேயோ, பிறரிடம் நல்லதையே காண்பது என்று பொருள். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் சாதுவான ஜேன் வாயாடி ஆகிவிடுவாள்!

அதே நூலில் காலின்ஸ் என்ற குருவானவர், தம்மை ஆதரிக்கும் கேத்தரின் சீமாட்டியின் 'கண்டிசென்ஷ'னை வாயாரப் புகழ்கிறார். இன்று அது பிறரை மட்டமாக நடத்துவதைக் குறிக்கும். அன்று, உயர்குடியினர் தம் உயர்வைப் பாராட்டாமல் எளியோரிடம் இன்முகம் காட்டுவதைக் குறித்தது. காலின்ஸ் புகழப் புகழ, சீமாட்டியின் கர்வத்தைக் காணும் நமக்குச் சிரிப்பு வருகிறது. பழைய பொருள் தெரியாவிட்டால் அந்த நகைச்சுவை ஏது?

இந்த மாற்றம் நமக்குப் புதிதன்று. பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று என்ன ஆயிற்று? பழைய ஆங்கில வேதாகமத்தில், சிறுவர்களைத் தம்மிடம் வரவிடும்படி இயேசு சொல்லுமிடத்தில் 'சஃபர்' என்ற சொல் வருகிறது. அதற்குத் 'துன்பப்படு' என்று பொருள் கொண்டால் விபரீதமன்றோ! அங்கே 'அனுமதி' என்பதே பொருள்.

ஆகவே ஒரு சொல் இடத்துக்குப் பொருந்தாமல் உறுத்தினால், தாண்டிப் போகாமல் பெரிய அகராதியில் 'பழைய வழக்கு' என்று குறித்த பொருளைத் தேடுவோம். நீண்ட வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தால், எழுவாய் எது, பயனிலை எது என்று காதே காட்டிக்கொடுக்கும். அவசரமும் வேண்டாம். சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை 36 வாரங்கள் தொடர்கதையாக வந்தது. அன்றைய வாசகர் எட்டு மாதங்கள் சுவைத்ததை நாம் எட்டு நாளில் விழுங்கப் பார்க்கிறோம்!

மறைந்த ஆசிரியர் எழுந்து வந்து, "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று மறுக்க முடியாது. பத்துக் கட்டளைகளில் எட்டாவது பொய்ச்சாட்சியை விலக்குகிறது. ஒருவர் சொல்லாத பொருளை அவர் சொல்லில் ஏற்றுவதும் ஒருவகைப் பொய்ச்சாட்சியே. அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது, சுருக்கப் பதிப்பை விட்டு முழு நூலைக் கையில் எடுப்போமா?