நாற்காலிப் பசி

தம்பி! வைகை கடலில் கலக்கும் அழகன்குளத்தைத் தோண்டினார்கள். ரோமாபுரி நாணயங்கள் கிடைத்தன. நாணயம் வந்த வழியே ரோமாபுரிச் சதியும் வந்ததோ என்று கேட்கத் தோன்றுகிறது!

கி.மு. 44-ல் செனட் கூடிய மண்டபத்திலே சீசரைக் குத்தினர். "குடியரசைக் காத்தோம்" என்றனர். காத்தார்களா? உள்நாட்டுப் போர் மூண்டது. முடிவிலே பேரரசன் அகஸ்டஸ் எழுந்தான். மாண்டது குடியரசு!

இங்கே நடந்தது என்ன? கிழவன் சேதுபதி கட்டிக்காத்த சேதுநாடு. அவர் மறைந்தபின் பட்டத்துக்குப் போட்டி. பவானி சங்கரன் தஞ்சை மராத்திய மன்னனின் படையை அழைத்தான். பாம்பாற்றுக்கு வடக்கேயுள்ள நிலத்தைக் கூலியாகப் பேசினான். பட்டம் ஏறினான்; பேச்சை மறந்தான். அவனை வீழ்த்தக் கட்டையத் தேவரும் சசிவர்ணத் தேவரும் எங்கே போயினர்? அதே தஞ்சைக்கு! அதே நிலத்தைத்தான் விலை பேசினர்!

வென்றனர். யார் வென்றது? வடக்குச் சீமை தஞ்சைக்கு. எஞ்சியது ஐந்து கூறு. மூன்று இராமநாதபுரம், இரண்டு சிவகங்கை.

துண்டான நாட்டைக் கும்பினி விழுங்கத் தடையேது? 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைச் சிறைப்பிடித்தது. 1803-ல் சேதுநாடு வெறும் ஜமீன். 1809-ல் மன்னர் சிறையிலேயே மாண்டார்.

தோழனே, பதவி கேட்பது குற்றமல்ல. அதற்காக மாற்றான் வாசலைத் தட்டுவதே குற்றம். கிளைச் செயலாளர் பதவியானாலும் சரி, கோட்டை நாற்காலியானாலும் சரி, நம் சண்டையை நம் மன்றத்திலேயே தீர்ப்போம். அழைத்த விருந்தாளி கூலி வாங்காமல் போவதில்லை!