விளக்கை அணைத்துவிட்டு வாசித்தவர்

1958 பிப்ரவரியில் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் பதிவான பியானோ கச்சேரி அது. குளிர்காலம், அரங்கமே இருமித் தீர்க்கிறது. தவறிய சுரங்களும் ஆங்காங்கே காதில் விழும். ஆனாலும் ரஷ்ய இசையமைப்பாளர் முஸோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ என்றால் எனக்கு சோவியத் பியானோ கலைஞர் ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டரின் இந்தப் பதிவுதான்.

அதில் மாட்டுவண்டி வரும் பகுதியைக் கேளுங்கள். தூரத்திலிருந்து மெல்ல வந்து நெருங்குவதாகத்தான் பலரும் வாசித்துப் பழக்கியிருந்தார்கள். ரிக்டரின் வண்டியோ எடுத்த எடுப்பிலேயே நம் மேல் ஏறுகிறது. முஸோர்க்ஸ்கி எழுதியது அப்படித்தான். அவர் இறந்த பிறகு 1886இல் வந்த பதிப்பில் சக இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதை மெதுவாகத் தொடங்கும்படி திருத்திவிட்டார். ரிக்டருக்கு இந்த மாதிரிச் சீர்திருத்தங்கள் ஆகாது. இசையமைத்தவர் தாளில் எழுதியதை வாசிப்பதுதான் கலைஞனின் வேலை, தன் மேதாவிலாசத்தைச் சேர்ப்பது அல்ல என்பது அவர் கட்சி.

இத்தனைக்கும் முறையாகப் படித்து வந்தவர் இல்லை. பிறப்பு 1915, உக்ரைனின் ஷித்தோமிர். ஒடெசாவில் வளர்ந்து, பதின்வயதிலேயே அங்கிருந்த ஓபரா அரங்கில் பாடகர்களின் ஒத்திகைக்கு வாசித்தார். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் பியானோ ஆசிரியர் ஹென்ரிக் நெய்காஸிடம் போய்ச் சேர்ந்தபோது வயது 22. அரசியல் வகுப்புகளுக்கு மட்டம் போட்டதால் கன்சர்வேட்டரியிலிருந்து நீக்கப்பட்டார். 1941இல் அவருடைய தந்தையை, ஜெர்மானிய வம்சாவளி என்பதால், உளவாளி என்று சொல்லிச் சோவியத் அரசு சுட்டுக் கொன்றது. 1953இல் ஸ்டாலினின் இறுதிச் சடங்குக்கு, மலர்வளையங்கள் நிரம்பிய விமானத்தில் ஏற்றி, வாசிக்க அழைத்து வந்ததும் அதே அரசுதான்.

1980களில் அரங்கின் விளக்குகளை அணைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். இசைத்தாளின் மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கு. பக்கம் புரட்ட அருகில் ஒருவர். வயதாக ஆக, சுரங்கள் இருக்க வேண்டிய இடத்தைவிட உயரத்தில் அவர் காதில் ஒலிக்க ஆரம்பித்திருந்தன. நினைவிலிருந்து வாசித்தால் விரலும் காதும் முட்டிக்கொள்ளும். தாளை வைத்துக்கொள்ள அதுவும் ஒரு காரணம். முகத்தையும் விரல்களையும் பார்ப்பதில் ரசிகனுக்கு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்பது இருட்டுக்கான காரணம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆள் மறைய மறைய, அந்த இருட்டே பெரிய கவர்ச்சியாகிவிட்டது. அவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

ஆனால் 1986இல் அவர் செய்ததை நாடகம் என்று யாரும் சொல்ல முடியாது. 71 வயதில் காரில் கிளம்பி, சைபீரியாவைக் கடந்து விளாதிவஸ்தோக் வரை போய்த் திரும்பினார். வழியெங்கும் சின்னச் சின்ன ஊர்களில் கச்சேரி. அதே மனிதர், 1960இல் தன்னைக் கொண்டாடித் தீர்த்த நியூயார்க்கில் வாசிப்பதை 1970ஓடு நிறுத்தியிருந்தார். அமெரிக்கா அவருக்குப் பிடிக்கவே இல்லை.