நடுத்தூர ஓட்டமும் நமது அவசரமும்

1976-ஆம் வருஷம் மாண்ட்ரீல் ஒலிம்பிக் பந்தயங்களில், 800 மீட்டர் இறுதி ஓட்டத்தின் முதற் சுற்றை முன்னின்று ஓடியவர் நமது தேசத்துச் சிப்பாய் ஒருவர். ராஜபுத்தான ரைபிள்ஸ் படையைச் சேர்ந்த ஸ்ரீராம் ஸிங், முதல் 400 மீட்டரை 51 விநாடிக்குள் கடந்தார். அந்த வேகத்தின் பயனைக் கியூபா தேசத்து ஹுவாந்தொரேனா பெற்றார்; 1 நிமிஷம் 43.50 விநாடியில், உலக சாதனையுடன் ஜயித்தார். ஸ்ரீராம் ஏழாவதாக வந்தார். அவர் எடுத்துக்கொண்ட 1 நிமிஷம் 45.77 விநாடியை மற்றோர் இந்தியர் குறைப்பதற்கு 42 வருஷங்கள் ஆயின. 2018-ல் ஜின்ஸன் ஜான்ஸன் குறைத்ததும் விநாடியில் எட்டிலொரு பங்குக்கும் உட்பட்டதே. 1976-க்குப் பிறகு 2024 வரை நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் அந்த இறுதி ஓட்டத்தில் இந்தியர் எவரும் நிற்கவில்லை.

நமது ஜனங்களுக்குத் தேகக்கட்டு போதாது, சீதோஷ்ணம் ஒவ்வாது என்று சமாதானம் கூறும் கனவான்கள் உளர். ஸ்ரீராம் எந்தத் தேசத்துச் சோற்றை உண்டு வளர்ந்தார் என்பதை அவர்கள் சொல்லட்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு நல்ல உணவு கிட்டாதது உண்மையே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கென்யாவின் ஓட்டக்காரர்களும் சீமான் வீட்டுப் பிள்ளைகளல்லர்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நூறு மீட்டர் ஓட்டத்தில் பிறவி வேகம் பெரும்பகுதி காரியத்தை முடித்துவிடும். 800 மீட்டரிலோ, செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் ஓடும்போதே சுவாசிக்கும் பிராணவாயுவினால் கிடைக்கிறது. 1500 மீட்டரில் இன்னும் அதிகம். இருதயமும் இரத்த ஓட்டமும் தசை நார்களும் அந்த வேலைக்குப் பழகுவது ஒரு வருஷத்தில் ஆகிற காரியமன்று. ஸ்ரீராமின் வரலாற்றையே பாருங்கள். 1970-ல் ஆசியப் பந்தயத்தில் வெள்ளி. 1972-ல் மூனிக் ஒலிம்பிக்கில் முதற் கட்டத்தோடு வெளியேற்றம். 1974-ல் ஆசியத் தங்கம். அதன் பின்னரே மாண்ட்ரீல். அப்போது அவருக்கு வயது 27. இலியாஸ் பாபர் என்னும் ஆசான் பொறுமையோடு உடனிருந்தார்; படையும் சம்பளம் கொடுத்துக் காத்திருந்தது.

இப்போது நாம் செய்வதென்ன? பதினைந்து வயதுச் சிறுவனை மாவட்டப் பந்தயத்துக்காகக் கடும் வேக ஓட்டங்களால் பிழிகிறோம். சிலவிடங்களில் வயதைக் குறைத்துக் காட்டிய இளைஞனோடு அவனை மோதவிடுகிறோம். அவன் பதக்கம் பெற்றால் அது நற்சாட்சிப் பத்திரமாகிறது, பத்திரம் உத்தியோகமாகிறது, உத்தியோகம் கிடைத்ததும் ஓட்டம் நின்றுவிடுகிறது. அச்சிறுவன்மீது நாம் குற்றம் சொல்லமாட்டோம். குடும்பத்துக்குச் சோறு போடும் வழி அது ஒன்றே என்றிருக்கையில் வேறென்ன செய்வான்? ஆனால் உண்மையான வளர்ச்சி தொடங்க வேண்டிய வயதில் அவனை நாம் இழந்துவிடுகிறோம்.

மற்றொரு குறை துணையில்லாமை. ஸ்ரீராமின் சாதனை மாண்ட்ரீலில். டின்டு லூகா 1 நிமிஷம் 59.17 விநாடி ஓடியது 2010-ல் குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரில். ஜின்ஸன் 1500 மீட்டரை 3 நிமிஷம் 35.24 விநாடியில் ஓடியது 2019-ல் பெர்லினில். முகமது அஃப்ஸல் 2025-ல் 800 மீட்டரில் 1 நிமிஷம் 45 விநாடிக்குக் கீழே சென்றது போலந்தில். இது தற்செயலன்று. உள்நாட்டுப் பந்தயங்களில் பதக்கமே குறியாதலால், முன்னின்று வேகம் கொடுக்க எவரும் துணிவதில்லை. முக்கால் தூரம் மெல்ல ஓடிக் கடைசி வளைவில் மோதிக்கொள்கிறார்கள்.

கென்யாவில் இட்டன் என்னும் சிற்றூருக்கு அதே 1976-ல் அயர்லாந்திலிருந்து கோல்ம் ஓ'கானல் என்ற துறவுச் சகோதரர் பள்ளி ஆசிரியராக வந்தார். ஓட்டப் பயிற்சியில் முன்னறிவு அவருக்கு இல்லை. பிள்ளைகள் கூட்டமாக ஓடினார்கள்; மூத்தவரைப் பார்த்து இளையவர் கற்றார்கள். அவரிடம் பயின்ற டேவிட் ருடிஷா 2012-ல் லண்டனில் 1 நிமிஷம் 40.91 விநாடியில் உலக சாதனை செய்தார். இட்டனின் உயரம் சுமார் 2,400 மீட்டர். நமது உதகமண்டலமும் 2,200 மீட்டருக்கு மேற்பட்டதே. நம் ஓட்டக்காரர்கள் அங்கே முகாமிட்டுப் பயின்றும் இருக்கிறார்கள். மலை நம்மிடம் உண்டு. ஆண்டு முழுதும் அதில் சேர்ந்து ஓடும் ஐம்பது பிள்ளைகளே வேண்டும்.

ஆகவே தடகள சம்மேளனத்தை நாம் கேட்பது இதுதான். மாதந்தோறும் ஒரு மாலையில் பதக்கமில்லாத ஓட்டங்கள் நடக்கட்டும். முன்னோடி வேகம் கொடுப்பவனுக்குக் கூலி கொடுக்கட்டும். ரயில்வேயும் மற்ற இலாகாக்களும் வேலைக்கு எடுத்த வாலிபனை 27 வயது வரையிலேனும் காலையிலும் மாலையிலும் ஓடவிடட்டும். பதினாறு வயதுக்குட்பட்ட பந்தயங்களின் பதக்கத்தை உத்தியோகக் கணக்கில் சேர்க்கும் இடங்களில், அவ்வழக்கம் அடுத்த ஆண்டிலேயே நீங்கட்டும்.